திரும்பி நடக்காத ஊரில் ஓர் அம்புக்குறி

போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் படித்துவிட்டு, இப்போது அதே கல்லூரியில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும் பெண்.

“மேடம், டைப்போகிராஃபி எதுக்குனு பசங்க கேக்குறாங்க. வேணுங்கறத டைப் பண்ணா கம்ப்யூட்டரே டிசைன் போட்டுக் குடுத்துடுது, இதுல ஒரு செமஸ்டர் முழுக்க எழுத்தையே பாத்துட்டு உக்காரணுமானு கேக்குறாங்க. நீங்க வந்து ஒரு நாள் பேசுங்க. முடியலன்னா எழுதியாவது குடுங்க.”

நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பது என் வீட்டுச் சுவருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இதே கேள்வியை அவர்களுக்கு முன்பே எங்கள் தாளாளர் கேட்டுவிட்டார். அவர் கேட்டதோடு நிற்கவில்லை. என் பாடத்தையும், கூடவே என் வேலையையும் சேர்த்தே எடுத்துவிடப் பார்த்தார். அது நடக்காமல் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். எழுத்து வடிவம் என்று ஒரு பாடம் உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரியும். முடித்துவிட்டு விளம்பரக் கம்பெனி ஒன்றில் புடவைக் கடைகளுக்கு வேலை செய்தேன். ‘ஆடித் தள்ளுபடி’ என்ற இரண்டு சொற்களை நான் எழுதிப் பார்த்த விதங்களை அடுக்கினால் ஒரு மண்டபம் நிறையும். கல்யாணமாகி வேங்கிக்காலில் குடிவந்தபோது, பக்கத்திலேயே திருவண்ணாமலையில் புதிதாக ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிப்பு ஆரம்பித்திருந்தார்கள். டைப்போகிராஃபி நடத்த ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். போனேன், சேர்ந்தேன். சென்னையை விட்டு வந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

துறைத் தலைவர் தணிகாசலம் சார். வேலூர்க்காரர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். மற்ற கல்லூரிகளில் மாணவர்களின் வேலையைச் சுவரில் ஒட்டி, சுற்றி நின்று ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். எங்கள் துறையில் அந்தப் பேச்சே இருக்காது. வேலையை எல்லாம் வராந்தாவின் ஒரு கோடியில் ஒட்ட வேண்டும். சார் மறுகோடியிலிருந்து நடந்து வருவார். நின்று பார்க்க மாட்டார். ஊர் நியாயம் பேசுவார், டீயைப் பற்றிப் பேசுவார், வெயிலைத் திட்டுவார், ஆனால் நடந்துகொண்டே இருப்பார். எந்த இடத்தில் சுவரில் இருக்கும் சொல் அவருக்குப் படிக்கக் கிடைத்ததோ, அந்த இடத்தில் குனிந்து தரையில் ஒரு கோடு போட்டு, எழுதினவன் பெயரைப் பக்கத்தில் எழுதிவிடுவார். சில பேருடைய கோடு சுவருக்கு ஒட்டினாற்போல் விழும். அதற்கு மேல் அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

“யாரும் உன் எழுத்துக்கு முன்னாடி வந்து நின்னு படிக்கப் போறதில்ல. அவன் பாட்டுக்கு நடந்துட்டு இருப்பான், நீதான் அவன்கிட்ட போவணும்,” என்பார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் “படிச்சிட்டேன்” என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் வாரம் முழுக்கக் கண் சிவக்க உட்கார்ந்திருப்பார்கள்.

நான் நடத்தின பாடத்திலும் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. முதல் நாள் ஆளுக்கொரு ஊர்ப் பெயரைக் கொடுப்பேன். விழுப்புரம் கிடைத்தவன் அழாத குறையாக நிற்பான். பெயர் நீளம், பலகை சின்னது. உடனே கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்குவான். நசுக்கினால் ‘ழு’வின் உள்ளே இருக்கிற வெளிச்சம் போய்விடும், தூரத்தில் அது வெறும் கறுப்பு உருண்டையாகத் தெரியும். புள்ளி மேலே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. “எழுத்த நசுக்காத, பலகைய மாத்து” என்று நான் சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரே ‘நசுக்காத மேடம்’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தாளாளர் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். போளூரில் பெரிய குடும்பம் அவர்களுடையது. தொழிலில் கெட்டிக்காரர், நேராகப் பேசுகிறவர். அவர் அறையில் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் சாரை உட்காரச் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நின்றேன்.

“சார், எல்லாக் காலேஜ்லயும் அனிமேஷன் இருக்குது. பசங்க அதத்தான் கேட்டு வர்றாங்க. நாம என்னாடான்னா அ, ஆ எழுதக் கத்துக் குடுத்துனு இருக்கோம். வர்ற வருஷம் டைப்போகிராஃபிய எடுத்துட்டு அனிமேஷன் வெச்சிடலாம்.” பிறகு என் பக்கம் பார்த்து, “உங்களுக்கு அனிமேஷன் தெரியுமாம்மா?” என்றார்.

தெரியாது என்றேன். அப்போது அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த ஊரில் எழுத்து சொல்லிக்கொடுக்க வேறு இடம் கிடையாது. இந்த வேலை போனால் மறுபடியும் சென்னை, மறுபடியும் தள்ளுபடி.

தணிகாசலம் சார் அவசரப்படவில்லை. “ஒரே ஒரு வேலை இருக்குதுங்க. அத எங்க ஃபைனல் இயர் பசங்க எழுத்த வெச்சே முடிச்சிக் காட்டறோம். அப்புறம் முடிவு பண்ணுங்க,” என்றார்.

அந்த வேலை இது. பௌர்ணமி கிரிவலத்துக்கு எங்கள் ஊருக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஊருக்குள் பஸ் வராது. ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையமும், கார் நிறுத்துமிடமும் போடுவார்கள். மலையைச் சுற்றி முடிக்கும்போது கால் கெஞ்சும். எங்கே இறங்கினோம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வடக்குப் பக்கத்தில் வேலூர் சாலைக்குப் பிரிகிற திருப்பத்தில்தான் குழப்பம் ஜாஸ்தி. அதைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் நேராக ஊருக்குள் போய்க் கோயில் தெருக்களில் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு திருப்பத்துக்கு வழிகாட்டிப் பலகை செய்கிறோம், நன்றாக வந்தால் கார்த்திகை தீபத்துக்கும் செய்கிறோம் என்று சார் முன்பே பேசி அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். செங்கம் பக்கத்திலிருந்து வந்த பிரகாஷ் என்ற மாணவன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றான். திருவண்ணாமலை வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து மேசையில் விரித்து, எந்தக் கம்பத்தில் விளக்கு எப்படி விழுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்தான். திருப்பத்திலேயே பலகை வைக்க முடியவில்லை. அங்கே அன்னதானப் பந்தலும் டீக்கடையும் மறைத்தன. திருப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நல்ல திறந்த இடம், பளிச்சென்ற விளக்கு. அங்கே நிறுத்தினால் எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். பலகையில் ‘வேலூர் பஸ், கார்’ என்று எழுதி, பின்பக்கமாக வளைகிற ஓர் அம்புக்குறி போட்டான். வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் அதைவிடக் கிட்டத்து வழி கிடையாது. வராந்தாச் சோதனையில் சார் மறுகோடியிலிருந்து இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் “படிச்சிட்டேன்” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பௌர்ணமி அன்று பொழுது சாயும்போதே நானும் பிரகாஷும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டோம். கூட்டம் வந்தது. பலகையைப் பார்த்தது. வாய்விட்டுப் படித்தது. படித்துவிட்டு, ஒருவர் பாக்கி இல்லாமல் நேராக ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிக்காமல் போனால் எழுத்தில் குறை இருக்கிறது என்று சொல்லலாம். படித்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு முழங்கால் வலி போல, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். பலகைக்கு எதிரே வந்ததும் அவரே சத்தமாகப் படித்தார்.

“வேலூர் பஸ்சு பின்னாடியே இருக்குதாம்மே.”

“அதுக்கு இன்னா இப்போ? நட.”

எனக்குத் தாங்கவில்லை. குறுக்கே போய், “ஏம்மா, அதோ தெரியுதே அந்தத் திருப்பம்தான். திரும்பிப் போனா உடனே பஸ் ஏறிடலாமே. அவருக்கு வேற கால் வலிக்குதே,” என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திரும்பறதா? மலைய சுத்திக்கினு வர்றோம். எதுத்தாப்புல எப்படிம்மா நடக்கறது? இந்த ஊர்தான நீ?”

இந்த ஊர்தான் நான். பாவாடை கட்டிய வயதிலிருந்து மலையை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றியவள். ஒரு தடவை செருப்பைப் பின்னால் விட்டுவிட்டேன் என்று தெரிந்தும் திரும்பாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பிரகாஷும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் மலையைச் சுற்றாத பிள்ளையே கிடையாது. இத்தனை பேர் கூடி உட்கார்ந்து, பிரதட்சணம் வருகிறவர்களைப் பார்த்து ‘திரும்பி நட’ என்று அழகான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரகாஷுக்கு அழுகை வந்தது.

மறுநாள் தாளாளர் அறையில் அதே நாற்காலிகள், நான் அதே இடத்தில் நின்றேன்.

“எழுத்து பெருசா போட வேணாமா? செவப்புல போட வேணாமா? ஜனங்களுக்குத் தெரியவே இல்லனு சொல்றாங்க,” என்றார்.

“தெரிஞ்சுதுங்க. எல்லாரும் படிச்சாங்க. எழுத்துல ஒரு மாத்தமும் தேவையில்ல. அம்புக்குறிதான் தப்பு. இடம்தான் தப்பு,” என்றேன். குரல் நடுங்கவில்லை. எழுத்து விஷயத்தில் எனக்கு என்றைக்கும் குரல் நடுங்கியதில்லை.

அவர் நம்பவில்லை. “ரெண்டு எட்டு பின்னால வெக்க மாட்டாங்களா ஜனங்க? கதை சொல்லாதீங்கம்மா.”

தணிகாசலம் சார் குறுக்கே வந்தார். “அடுத்த பௌர்ணமி வரைக்கும் டைம் குடுங்க. அன்னிக்கும் இப்படியே ஆச்சுன்னா, டைப்போகிராஃபி வேணாம்னு நானே என் கைப்பட எழுதிக் குடுக்கறேன்,” என்றார். தாளாளர் சரி என்றார். வெளியே வந்ததும் நான் சாரைப் பார்த்த பார்வையில் அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்கும்.

உண்மையில் சாருக்கும் என் பேச்சில் பாதி நம்பிக்கைதான். அவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை. கோயில் பிரசாதத்தைக்கூட “சக்கரை கம்மியா இருக்குது” என்று சொல்லித்தான் சாப்பிடுவார். “நம்பிக்கை இருக்கறவன் திரும்ப மாட்டான், சரி. எல்லாருமா அப்படி? நானே நடந்து பாக்கறேன்,” என்றார்.

சாதாரண நாள் ஒன்றில், மத்தியான வெயிலில், எங்கள் வகுப்பு முழுக்க அந்தச் சாலைக்குப் போனது. கூட்டமும் இல்லை, சாமியார்களும் இல்லை. ஒரு நாய் மட்டும் பந்தல் கம்பத்தடியில் படுத்திருந்தது. சார் வெகு தூரத்துக்கு முன்னாலிருந்து மலையை வலப்பக்கம் வைத்து நடந்து வந்தார். வழக்கம்போல வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தார். திருப்பத்தைத் தாண்டினார். பலகையைப் படித்தார். நின்றார்.

பிறகு அம்புக்குறி சொன்னபடி திரும்பினார். ஓர் அடி வைத்தார். மலை இடது பக்கம் வந்தது. அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதர் தலையைச் சொறிந்தார், மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் பழைய திசைக்கே திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தார்.

“எனக்கே கால் வரலம்மா,” என்றார். பிறகு பிரகாஷின் தோளைத் தட்டி, “எடுடா அந்த அம்ப. மேசையில மேப்ப விரிச்சுப் பாத்தா எல்லாப் பக்கமும் ஒண்ணுதான். ரோட்டுல நடக்கறவனுக்கு முன்னாடி மட்டும்தான்டா உலகம்,” என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பாடம் சொல்லி நாங்கள் கேட்டதே அன்றுதான்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பின்னால் திரும்பச் சொல்லும் பலகை எதுவும் கூடாது என்று முதல் விதி வைத்தோம். திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே சொல்ல ஆரம்பிக்க வேண்டும். முதல் பலகையில் அம்புக்குறியே கிடையாது. ‘அடுத்து வருவது வேலூர் சாலை’ என்று மட்டும். கூட்டமாக நடப்பவர்கள் பேச்சை நிறுத்தி, யார் யார் எந்த பஸ் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள நேரம் வேண்டும் அல்லவா? அதற்கு அது. பந்தல் மறைக்கத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டாவது பலகை. ‘வேலூர் பஸ், கார்’, இடது பக்கம் மெல்லச் சாய்கிற அம்பு. மலைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் அந்தச் சாலை பிரிகிறது, ஆகவே யாரும் யாரையும் எதிர்த்து நடக்க வேண்டியதில்லை. முழுச் சுற்று முடிக்காதவர்கள் அந்தப் பலகையை விட்டுவிட்டு நேராகப் போகலாம்.

அங்கே விளக்கு மங்கல். அதனால் எழுத்தைத் திரும்பவும் உட்கார்ந்து பார்த்தோம். ‘லூ’வின் சுழிக்குள் இடம் கூட்டினோம். ‘ஸ்’ மேல் இருக்கிற புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் மேலே தள்ளினோம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே காற்று விட்டோம். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளையை விட்டுவிட்டு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த இடத்திலேயே, வெளிச்சம் குறைகிற நேரத்திலேயே, நடந்து நடந்து பார்த்தோம். வராந்தாவில் ஜெயித்தது சாலையில் ஜெயிக்கும் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கூட்டம் வர ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பயம் போய்விட்டது. திருப்பத்துக்கு வந்ததும் சாலையே இரண்டாகப் பிரிந்தது. பேசிக்கொண்டே வந்தவர்கள் பேசிக்கொண்டே இடது பக்கம் போனார்கள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டவர் அதைத் தோள் மாற்றிக்கொண்டே திரும்பினார். கையில் கம்போடு நின்ற போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் காலையில் தாளாளர் கூப்பிட்டார். போனால் முகம் கடுகடு என்று இருந்தது. சார் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

“போர்டு வெச்சீங்களா, இல்லியா?” என்றார் எடுத்த எடுப்பில். “நேத்து வீட்டுல எல்லாரையும் கூட்டினு மலைய சுத்த வந்தேன். உங்க போர்ட பாத்துட்டுப் போவலாம்னே வந்தேன். முழுசா சுத்தினோம். ஒரு போர்டு கூட என் கண்ணுல படல. நான் உங்களுக்கு டைம் குடுத்தது எதுக்கு?”

சார் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

“கார எங்க சார் விட்டிருந்தீங்க?”

“வேலூர் ரோட்டுல. போளூர்லருந்து வர்றவன் வேற எங்க விடுவான்?”

“சுத்தி முடிச்சு வரும்போது வழி யாரயாவது கேட்டீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? பேசினே வந்தோம், அப்படியே லெஃப்ட்டுல திரும்பினோம், நேரா காரு...”

அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது. முன்பு ஒரு பௌர்ணமியில் இதே திருப்பத்தைத் தவறவிட்டு, அவர் குடும்பத்தோடு ஊருக்குள் மாட்டிக்கொண்டு காரைத் தேடி அலைந்தது அவர் டிரைவர் மூலம் கல்லூரி முழுக்கத் தெரிந்த கதை. மேசை மேல் விரல்களால் தாளம் போட்டார். சாரைப் பார்த்தார். சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனிமேஷனும் வெக்கணும்மா,” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“தாராளமா வெய்ங்க சார். முதல் வருஷம் எழுத்து, ரெண்டாவது வருஷம் அனிமேஷன். நிக்கற எழுத்த படிக்க வெக்கத் தெரியாதவன் ஓடற எழுத்த என்ன பண்ணுவான்?”

அவர் சிரித்துவிட்டார். பிறகு எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டி, “உக்காருங்கம்மா,” என்றார்.

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் என்னை யாரும் எழுப்பவில்லை.